கிரிம்ப் மானிட்டர் அடிக்கடி சிவப்பு காட்டினால் டாலரன்ஸைக் கூட்டிவிடலாமா?

கேள்வியிலிருந்து புரிவது: வயர் முனையில் டெர்மினலை அழுத்திக் கவ்வவைக்கும் (அதுதான் கிரிம்ப்), கையால் வயர் வைத்து அடிக்கும் பிரஸ், புதிதாக மாட்டிய டச் ஸ்கிரீன் மானிட்டர், அடிக்கடி சிவப்பு. கையால் இழுத்தால் வயர் கழன்று வரவில்லை, அதனால் கிரிம்ப் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறீர்கள்.

டாலரன்ஸை, அதாவது எத்தனை சதவீத விலகல் வரை பச்சை என்ற எல்லையை, தொடாதீர்கள். கையால் இழுத்துப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். டெர்மினலின் பின்பக்கச் சிறகுகள் இன்சுலேஷனைக் கவ்வியிருக்கும்போது, செம்பு எந்த லட்சணத்தில் இருந்தாலும் வயர் வராது. இழுவைச் சோதனைக்கு அந்தப் பின்பிடியை விரித்துவிட்டுக் கருவியில் மாட்ட வேண்டும். அப்படிச் செய்தாலும் 0.5 சதுர மி.மீ. வயருக்கு ஐ.இ.சி. 60352-2 என்ற சர்வதேசத் தரநிலை கேட்பது 60 நியூட்டன்தான். ஒரு இழை விட்டுப்போன கிரிம்ப்பும் அதைத் தாண்டிவிடக்கூடும்.

மானிட்டருக்கு நல்லது கெட்டது தெரியாது. பிரஸ்ஸில் இருக்கும், விசையை உணரும் பீசோ சென்சார், ஒவ்வொரு அடியிலும் விசை ஏறி இறங்குவதை வளைகோடாகத் தருகிறது. நீங்கள் கற்றுக்கொடுத்த வளைகோட்டிலிருந்து அது எத்தனை சதவீதம் விலகுகிறது என்று மட்டும் ஸ்கிரீன் பார்க்கும். தப்பான கிரிம்ப் உயரத்தில் (அடித்த பின் செம்புப் பிடியின் உயரம்) கற்றுக்கொடுத்திருந்தால் ஷிஃப்ட் முழுக்கப் பச்சையாகவே தப்பு வரும்.

ஆகவே 'டீச்' பட்டனைத் தொடும் முன்பே வேலை தொடங்குகிறது. பிரஸ்ஸின் ஷட் ஹைட் (ராம் முழுதாக இறங்கி நிற்கும்போது அதற்கும் அடித்தளத்துக்கும் உள்ள இடைவெளி) சரியா பாருங்கள். சாதாரண மினி அப்ளிகேட்டருக்கு (டெர்மினலை அடிக்கும் அச்சுத் தொகுதி) அது 135.8 மி.மீ. கிரிம்ப் உயரத்தைக் கூர்முனை மைக்ரோமீட்டரால் அளந்து, டெர்மினல் கம்பெனி தரும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். தட்டை முனை மைக்ரோமீட்டர் அடியில் பிதுங்கும் பிசிறையும் சேர்த்து அளந்துவிடும். பெல்மவுத் (செம்புப் பிடியின் ஓரத்தில் மணிவாய் போன்ற விரிவு) இருக்கிறதா, இழைகளின் நுனி முன்னால் சற்றே தெரிகிறதா, இன்சுலேஷனின் விளிம்பு இரண்டு பிடிகளுக்கும் நடுவே நிற்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். அதன்பின் ஐந்து அடி கற்றுக்கொடுங்கள், ஐந்தையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். ஒன்று சந்தேகமென்றால் ஐந்தையும் அழித்துவிட்டு மறுபடி.

அடுத்து, பலரும் திறந்தே பார்க்காத பக்கம் ஒன்று: ஹெட்ரூம். வயர் இல்லாமல் வெறும் டெர்மினலை ஒருமுறை அடியுங்கள். வயரோடு உச்ச விசை 100, வெறுமனே 60 என்றால் ஹெட்ரூம் 40 சதவீதம். செம்பால் வரும் விசை இந்த 40 மட்டுமே. 7 இழை வயரில் ஒரு இழை போனால் அதில் ஏழில் ஒன்று, ஏறத்தாழ 5.7 சதவீதம் குறையும். 19 இழை வயரென்றால் 2 சதவீதம்தான். உங்கள் நல்ல கிரிம்ப்புகளே 3 சதவீதம் முன்னே பின்னே ஆடினால், அந்த 19 இழை வயரில் ஒரு இழை போனதை எந்த மானிட்டராலும் பிடிக்க முடியாது. டாலரன்ஸைக் கூட்டினால் 7 இழை வயரிலும் அதே கதி. கணக்கு தோராயம்தான், சண்டைக்கு வர வேண்டாம். ஸ்டிரிப் செய்த முனையில் ஒரு இழையை வெட்டிவிட்டு அடித்துப் பாருங்கள். சிவப்பு வராவிட்டால் அந்த செட்டிங் வீண். அந்தத் துண்டை உடனே நறுக்கிவிடுங்கள்.

சரி, இத்தனை சிவப்பு ஏன்? ஆட்டம் அதிகமாக இருப்பதால். கையால் வைக்கும் பிரஸ்ஸில் முதல் சந்தேகம் வயர் உள்ளே போகும் ஆழம். ஸ்டாப்பர் தளர்ந்திருந்தால் அடிக்கு அடி மாறும். இரண்டாவது இன்சுலேஷன் பிடி. அது தேவைக்கு மேல் இறுகியிருந்தால் இன்சுலேஷன் தடிமனின் ஏற்ற இறக்கமெல்லாம் விசையில் கலந்துவிடும், ஹெட்ரூமும் விழும். அதைச் சரியான அளவுக்குத் தளர்த்துவதிலேயே பாதிச் சிவப்பு அடங்கிவிடுவதுண்டு. அப்ளிகேட்டர் அடித்தட்டில் செம்புத் தூள் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வளைகோட்டின் வடிவமும் பேசும். உச்சி தாழ்ந்தால் இழை குறைவு, அல்லது வயர் முழுதாக உள்ளே போகவில்லை. ஏறும் பக்கம் மட்டும் முன்கூட்டியே உப்பினால், இன்சுலேஷன் செம்புப் பிடிக்குள் போயிருக்கலாம். அப்போது உச்சி பெரிதாக மாறாமலும் இருக்கும். அதனால் உச்ச விசையை மட்டும் பார்க்கும் செட்டிங் போதாது, வளைகோட்டின் பரப்பையும் சேர்த்துப் பார்க்கும்படி வையுங்கள். டெர்மினல் ரீல், வயர் லாட், கிரிம்ப் உயரம் எது மாறினாலும் அளந்து பார்த்துவிட்டு மறுபடி டீச்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் சிவப்பின் எண்ணிக்கையை ஆபரேட்டர் பெயருக்கு நேராகப் பலகையில் எழுதுகிறார்கள். பெயர் பலகையில் ஏறுமென்றால் யார் நிதானமாக வளைகோட்டைப் பார்ப்பார்கள்? ரீசெட்டை அழுத்திவிட்டுத் துண்டை நல்ல பெட்டியில்தான் போடுவார்கள். தடிமன் ஒழுங்கில்லாத மலிவு வயரை வாங்கியவர் பெயர் எந்தப் பலகையிலும் இருக்காது. எழுதத்தான் வேண்டுமென்றால் ஆளின் பெயருக்குப் பதில் காரணத்தை எழுதுங்கள்: இழை, ஆழம், இன்சுலேஷன், ரீல். ரீசெட்டைப் பொறுத்தவரை, சிவப்பு வந்த துண்டை நறுக்கிய பிறகே பூட்டு திறக்கும்படி பிரஸ்ஸோடு ஒரு கட்டரை இணைக்க முடியுமா என்று மானிட்டர் விற்றவர்களிடம் கேளுங்கள்.