போர் தண்ணி வீட்டுக்கு நவீன பாத்ரூம்: கேள்வி பதில்

காரிமங்கலத்திலிருந்து: ஒரே தள வீடுங்கண்ணா. ரெயின் ஷவர் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் முதலில் டேங்க் உயரத்தை அளந்து பாருங்கள். 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடியில் 4 அடி மேடை கட்டி டேங்க் வைத்தாலும், 7 அடியில் இருக்கும் ஷவருக்கு மேலே ஏழெட்டு அடிதான் மிச்சம், அது 0.2 பார் சொச்சம். அகலத் தட்டில் மழையாகக் கொட்டாது, ஒழுகும். பிரஷர் பம்ப் மாட்டியே ஆக வேண்டும். பம்ப்பிலிருந்து சுடுதண்ணி, பச்சைத்தண்ணி இரண்டு லைனுக்கும் கொடுங்கள். பச்சைத்தண்ணிக்கு மட்டும் கொடுத்தால் மிக்சரில் அது சுடுதண்ணியை அமுக்கிவிடும். கீசர் ஓடும், தண்ணி சூடாக வராது.

டைவர்ட்டரை (தண்ணியை ஷவருக்கும் குழாய்க்கும் திருப்பிவிடும் வால்வு) சுவரில் புதைக்கும்போது கொத்தனார் பக்கத்தில் நில்லுங்கள். பெரும்பாலான மாடல்களில் அதன் பிளாஸ்டிக் மூடியில் இரண்டு கோடு இருக்கும். பூச்சு, பசை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்த முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். ஆழமாகப் போனால் கைப்பிடி எட்டாது, டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

பாலக்கோடு: சாஃப்ட்னர் (உப்புத் தண்ணியின் கடினத்தைக் குறைக்கும் கருவி) போட்டால் ஃப்ளோரைடும் போய்விடுமா?

போகாது. நம் பக்கம் இந்தக் குழப்பம் நிறைய இருக்கிறது, தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். சாஃப்ட்னர் ரெசின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ஃப்ளோரைடு அப்படியே தாண்டி வரும். குழாய், கீசர், ஷவர் கண்ணாடிக்கு சாஃப்ட்னர் நல்லது. குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணி வேண்டாம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்தான்.

ஊத்தங்கரை: மேட் கறுப்புக் குழாய் எப்படி?

சாஃப்ட்னர் இல்லாமல் வேண்டாம். ஒவ்வொரு சொட்டும் வெள்ளைத் திட்டாகக் காயும். தேய்த்தால் கோட்டிங் போகும். குரோம் போதும்.

பர்கூர்: தரைக்கு நம்ம ஊர் கிரானைட்டே போடலாமா?

தாராளமாக. பாலிஷ் மட்டும் வேண்டாம், சோப்புத் தண்ணியில் வழுக்கும். சொரசொரப்பாக இருக்கும் லெதர் அல்லது ஃபிளேம் ஃபினிஷ் கேளுங்கள். ஷவர் பகுதியில் பெரிய பலகையாகப் போட்டால் வாட்டம் வராது. 1 அடிக்கு 1 அடி துண்டாக வெட்டி, 1 மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ. வாட்டம் கொடுங்கள். இடுக்குக்கு எபாக்சி கிரவுட். உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றும் வழக்கம் இருந்தால் சிமென்ட் கிரவுட் கரைந்து, தண்ணி அடியில் இறங்கிவிடும்.

ஓசூர்: சுவரில் தொங்கும் கமோடு கனம் தாங்குமா? நாலரை இஞ்ச் சுவர்தான்.

சுவரை நம்பி மாட்டாதீர்கள். சிஸ்டர்னோடு (ஃப்ளஷ் தொட்டி) வரும் இரும்பு ஃபிரேமைத் தரை கான்கிரீட்டில் போல்ட் அடித்து நிறுத்துங்கள், கனம் அங்கே இறங்கும். முன்னால் மறைப்புக்கு அரையடி போகும், 4 அடி அகல அறையென்றால் யோசியுங்கள். மூடும் முன் தண்ணி நிரப்பி, ஃப்ளஷ் பண்ணி, ஒரு ராத்திரி விட்டுக் கசிவு பாருங்கள். மூடிய பிறகு உள்ளே கைவிட ஃப்ளஷ் பிளேட் ஓட்டை மட்டும்தான் வழி.