கரும்புச் சக்கையும் நம் வீட்டு விளக்கும்: மொரிஷியஸ் மின்சாரம் பற்றிய கேள்வி பதில்

கரும்பாலைக் கொதிகலன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.

ஐயா, சாறு பிழிந்த சக்கையில் மின்சாரம் எப்படி வருகிறது? ஈரச் சக்கை எரியுமா?

எரியும் அம்மா. ஆலையை விட்டு வரும் சக்கையில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், கொதிகலன் திணறும். அதனால் கடைசி அரவையை நன்றாக இறுக்கிப் பிழிவதில் சர்க்கரைக்கும் லாபம், நெருப்புக்கும் லாபம்.

100 டன் கரும்பில் சுமார் 30 டன் சக்கை கிடைக்கிறது. அதை எரித்து உயர் அழுத்த நீராவி எடுக்கிறோம். நீராவி டர்பைன் என்னும் சுழலியைச் சுழற்ற, அதோடு பிணைந்த ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. பழைய ஆலைகளில் 20 பார் அழுத்தமே பெரிது (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). பெல் வ்யூ கரும்பாலையில் 2000-ஆம் ஆண்டு வந்த மின்நிலையத்தில் 80 பாருக்கும் மேல், வெப்பம் 500 டிகிரிக்கும் மேல். அதே சக்கையில் பல மடங்கு மின்சாரம் கிடைப்பது இதனால்தான்.

நான் மிகவும் மதிப்பது அடுத்த படியைத்தான். டர்பைனில் வேலை முடித்த நீராவியை வீணாக்காமல் சாறு காய்ச்ச அனுப்புகிறோம். சாதாரண அனல் நிலையத்தில் எரிபொருள் வெப்பத்தில் பாதிக்கும் மேல் குளிர்விக்கும் நீரோடும் புகையோடும் போய்விடும். ஆலையிலோ அந்த வெப்பம்தான் சர்க்கரை ஆகிறது.

அப்படியானால் அதே நிலையங்களில் நிலக்கரியும் எரிப்பது எதற்கு?

அறுவடை ஜூன், ஜூலையில் தொடங்கி டிசம்பரோடு முடிகிறது. சக்கையைச் சேர்த்து வைக்க மலை போல இடம் வேண்டும், புளிக்கும், தீப்பிடிக்கும். அதனால் மீதி மாதங்களில் அதே கொதிகலனில் நிலக்கரி எரிகிறது. கிட்டத்தட்ட மூன்று கிலோ சக்கை தரும் வெப்பத்தை ஒரு கிலோ நிலக்கரி தந்துவிடும். வசதிதான், ஆனால் அது கப்பலில் வருவது. சக்கை நம் மண்ணில் விளைவது. கரும்பு நிலம் குறையக் குறைய நிலக்கரி கூடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

எங்கோ ஒரு நிலையம் பழுதானால் எங்கள் ஊரில் ஏன் விளக்கு அணைகிறது, அண்ணா?

நம் தீவுக்கு அக்கம்பக்கத்து நாட்டு மின்கம்பி இணைப்பு கிடையாது, தம்பி. செலவாகும் அளவும் உற்பத்தியும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். ஒரு இயந்திரம் திடீரென நின்றால் மற்றவற்றின் மேல் பாரம் ஏறி வேகம் குறையும். நொடிக்கு 50 சுற்று (50 ஹெர்ட்ஸ்) என்று இருக்க வேண்டிய மின்சாரத்தின் அதிர்வெண் சரியும். இன்னும் சரிந்தால் தீவே இருண்டுவிடும் என்பதால், தானியங்கிக் கருவிகள் சில ஊர்களின் இணைப்பைத் துண்டிக்கின்றன. அப்படித் துண்டிக்கப்பட்டதில் உங்கள் ஊரும் ஒன்று.

அணு மின்நிலையம் கட்டினால் என்ன?

தென்னாப்பிரிக்காவின் கோபெர்க் அணு மின்நிலையத்தில் ஒரு அலகே 900 மெகாவாட்டுக்கு மேல். நம் உச்சத் தேவை 500 முதல் 600 மெகாவாட்டுக்குள்தான். அந்த ஒன்று நின்றால் தாங்க வேறெதுவும் இங்கே இல்லை.

சாம்பான் நீர்மின் நிலையம் போதாதா?

30 மெகாவாட். நம் நீர்மின் நிலையங்களில் அதுதான் பெரியது. தேவை எகிறும் மாலை நேரத்தில் நிமிடங்களில் ஓட்டிவிடலாம், அதுவே அதன் அருமை. மழை பொய்த்தால் அதுவும் இல்லை.

கூரையில் சூரியத் தகடு போட்டிருக்கிறேன். புயலில் மின்சாரம் போனபோது அதுவும் நின்றுவிட்டது. பழுதா?

பழுதில்லை. பொதுக் கம்பியில் மின்சாரம் இல்லாதபோது உங்கள் தகடு அதில் மின்சாரம் செலுத்தினால், அறுந்த கம்பியைச் சீர்செய்யும் தொழிலாளி உயிரிழக்க நேரலாம். அதனால் தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். இருட்டிலும் விளக்கு வேண்டுமானால் பேட்டரியும், வீட்டைப் பொதுக் கம்பியிலிருந்து பிரிக்கும் சுவிட்சும் வேண்டும். உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டே பொருத்துங்கள்.