பூனை வளர்ப்பு: தவறான நம்பிக்கைகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: பூனைக்குத் தினமும் பால் வைக்கிறோம். ஆசையாகத்தான் குடிக்கிறது, ஆனால் அடிக்கடி பேதியாகிறது. ஏன்?

விரும்புவது வேறு, செரிப்பது வேறு. தாய்ப்பால் மறந்ததும் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், அதனால்தான் பேதி. பாலை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீர் வையுங்கள். தாயில்லாத குட்டிக்கும் பசும்பால் சரிப்படாது. பூனைக்குட்டிகளுக்கென்றே வரும் பால்மாவைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும். குட்டியைக் குப்புறப் படுக்கவைத்துப் புகட்டுங்கள். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

கேள்வி: மூன்று வயது ஆண் பூனை. காலையிலிருந்து மணல் தட்டுக்குப் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது. மலச்சிக்கலுக்கு எண்ணெய் கொடுக்கலாமா?

எதுவும் கொடுக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். இது மலச்சிக்கலாக இருப்பதைவிடச் சிறுநீர் அடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், கடைசியில் இதயத்துடிப்பு நின்றுபோகும். முழு அடைப்பு என்றால் ஓரிரு நாள்தான் அவகாசம்.

தட்டைப் பாருங்கள். ஈரக் கட்டிகளே இல்லாமலோ, சொட்டுச் சொட்டாகவோ, ரத்தம் கலந்தோ இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. முக்கும்போது கத்துவது, ஆண்குறியை ஓயாமல் நக்குவது, வாந்தி, சோர்ந்து படுப்பது எல்லாமே இதன் அறிகுறிகள். வயிற்றை அழுத்தி வெளியேற்றப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். மருத்துவர் மயக்கம் கொடுத்துக் குழாய் செருகி அடைப்பை எடுப்பார். இது திரும்ப வரக்கூடியது. எனவே குணமான பிறகு உலர் தீனியைக் குறைத்து ஈரத் தீனிக்கு மாற்றுவது பற்றிக் கேளுங்கள். தண்ணீர்க் கிண்ணங்களை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

கேள்வி: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுத்தால் தவறா? சின்ன அளவுதானே?

அந்தக் கால் மாத்திரையே கொல்லும். நம் கல்லீரல் இந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனைக்குக் கிட்டத்தட்ட இல்லை. மிஞ்சும் நச்சு சிவப்பணுக்களைத் தாக்குவதால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மாத்திரை அட்டையோடு மருத்துவரிடம் ஓடுங்கள். முறிமருந்து உண்டு, சீக்கிரம் போட்டால்தான் பலன். இன்னொன்று: நாய்களுக்கான, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உண்ணி மருந்தும் பூனைக்கு விஷமே.

கேள்வி: மனைவி கர்ப்பமாக இருக்கிறார். பூனையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

கொடுக்க வேண்டியதில்லை. பயம் டாக்ஸோபிளாஸ்மா பற்றியது. பூனை மலம் வழியாகப் பரவி, வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய கிருமி அது. அந்தக் கிருமி மலத்தில் வெளியேறியவுடன் தொற்றாது. தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாள் வரை ஆகும். ஆகவே தினமும் தட்டைச் சுத்தம் செய்தாலே ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள், வெளியே திரிய விடாதீர்கள். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்ட மண் ஆகியவற்றிலும் இதே கவனம் தேவை.

கேள்வி: ஒரு ஈற்றாவது ஈன்ற பிறகுதான் பெண் பூனைக்குக் கருத்தடை செய்ய வேண்டுமா?

அதனால் எந்த நன்மையும் இல்லை. முதல் சூட்டுக்கு (இணை தேடும் பருவத்துக்கு) முன், ஐந்து மாத வாக்கிலேயே செய்துவிடலாம். அப்படிச் செய்தால் மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் பெரிதும் குறையும்.

கேள்வி: குண்டுப் பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கொழுப்பு கரையட்டும் என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின் உடற்கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதைச் செயலிழக்கச் செய்யும். குண்டான பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். இரண்டு நாள் ஆகிவிட்டதால் இன்றே காட்டுங்கள். காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகத் தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடைக் குறைப்பைப் பிறகு பார்க்கலாம்: தீனியை அளந்து, மாதக்கணக்கில், மெதுவாக.