குடத்தை எண்ணுங்கள்

கேள்வி: ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் தமிழ்நாட்டுக்கு மூன்றாவது இடம் என்று படித்தேன். எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. அந்த இலக்குக்கும் எங்கள் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, மணப்பாறை ஒன்றியம்

பதில்: நிறையவே இருக்கிறது. 2015 செப்டம்பரில் 193 நாடுகள் ஒப்புக்கொண்ட 17 இலக்குகளில் ஆறாவது, தண்ணீரும் கழிப்பறையும். எல்லாவற்றுக்கும் கெடு 2030. இங்கே மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2018 முதல் மாநிலங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. நீங்கள் படித்தது 2023-24 பட்டியலாக இருக்கும்: நூற்றுக்குக் கேரளாவும் உத்தராகண்டும் 79, நாம் 78. மாநிலம் முழுவதற்கும் ஒரே எண். அதில் உங்கள் தெரு தெரியாது.

2020 முதல் ஐந்து வருஷம் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். எல்லா வீட்டுக்கும் குழாய் கொடுத்தாயிற்று என்று பதிவேடு சொன்னது. குழாய் இருந்தது உண்மைதான். ஆனால் மேல்தொட்டியில் திறந்துவிட்ட தண்ணீர், கடைசித் தெருவான எங்களிடம் வருவதற்குள் நின்றுவிடும். கிராமத்து வீடுகளுக்குக் குழாய் கொடுக்க மத்திய அரசு 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் விதியை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டராவது, நல்ல தண்ணீராக, தொடர்ந்து வந்தால்தான் அது செயல்படும் இணைப்பு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். எங்கள் குடம் 15 லிட்டர் பிடிக்கும். கணக்குப் போட்டால் பதினெட்டுக் குடத்துக்கு மேல்.

பதினாறு வீட்டுப் பெண்கள் ஒரு மாதம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குடத்தை எண்ணி எழுதினோம். ஒரு நாளைக்கு நான்கு குடத்தைத் தாண்டிய வீடு ஒன்றுகூட இல்லை. அந்தத் தாள்களை மார்ச் 22 கிராம சபையில் வைத்தோம். "அதான் குழாய் கொடுத்தாச்சே" என்று ஆரம்பித்தவர்கள் தாளைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். கடைசித் தெருவுக்குத் தனி வால்வு என்று தீர்மானம் எழுதச் சொல்லி, வாசிக்கவும் சொல்லிக் கேட்டோம். வால்வு வர எட்டு மாதம் ஆனது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பதினாறு குடம் வருகிறது. நாளுக்கு எட்டுக் குடம்தான் ஆகிறது, இன்னும் பாதிகூட இல்லை, எண்ணுவதை நாங்கள் நிறுத்தவில்லை.

கேள்வி: கிராம சபையில் போய் எதைக் கேட்பது?
– அதே வாசகி

பதில்: மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அந்த 17 இலக்குகளையும் ஊராட்சிகளுக்காக ஒன்பது கருப்பொருளாகச் சுருக்கியிருக்கிறது. நான்காவது, தண்ணீரில் தன்னிறைவு. உங்கள் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அதற்கு எவ்வளவு பணம், எந்தத் தெருவுக்கு என்று கேளுங்கள். அதே அமைச்சகம் ஊராட்சிகளுக்கு மதிப்பெண் போடும் பஞ்சாயத்து முன்னேற்றக் குறியீட்டில் உங்கள் ஊருக்கென்றே தனி மதிப்பெண் உண்டு. ஊராட்சி செயலரிடம் அதையும் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு கூட்டம். அக்டோபர் 2-ஐ மட்டும் தவறவிடாதீர்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான பேச்சு பெரும்பாலும் அன்றுதான் தொடங்கும். அப்புறம், தீர்மானம் எழுதுவதற்கு முன்பே புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.