பணம் கொடுத்தாச்சு, பேர் மாறலை: பழைய கார் பேப்பர் சந்தேகங்கள்

பழைய கார் வாங்குபவர்களிடமிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. பணம் கைமாறிவிட்டது, சாவியும் வந்துவிட்டது, ஆர்.சி.யில் மட்டும் இன்னும் பழைய ஓனர் பெயர். இந்த முறை அப்படிப்பட்ட சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் இடத்தில், ஒரு 2016 மாடல் ஸ்விஃப்ட் பிடித்திருக்கிறது. ஓனர் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்ற விண்ணப்பங்களான ஃபார்ம் 29, 30 இரண்டும் அவர்களிடமே இருக்கிறதாம். "நீங்க எப்ப வேணாலும் பேர் மாத்திக்கலாம்" என்கிறார் கன்சல்டிங்காரர். ஓனரை நான் பார்க்கவே இல்லை. வாங்கலாமா? – திருப்பூர்

அந்த ஃபார்ம்களை வாங்கிப் பாருங்கள். கையெழுத்து இருக்கும், தேதியும் வாங்குபவர் பெயரும் காலியாக இருக்கும். வண்டியை விற்றவர் கன்சல்டிங்காரரிடம் விட்டுவிட்டுப் போயிருப்பார், கன்சல்டிங்காரர் தன் பெயருக்கு மாற்றாமல் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருப்பார். இடையில் ஓனர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். பதிவின்போது தமிழில் கையெழுத்துப் போட்டவர் இப்போது ஆங்கிலத்தில் போட்டிருந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஃபைல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இப்போது விண்ணப்பம் பரிவாகன் என்ற அரசு இணையதளம் வழியாகப் போவதால், பதிவில் உள்ள ஓனரின் மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யும் தேவைப்படும். அவர் போனை எடுக்காவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் காகிதம்.

இந்தச் சிக்கலுக்காகவே மத்திய அரசு 2022 டிசம்பரில் விதியைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரம் செய்பவர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி வழியாகத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு அந்த வண்டிக்குப் பொறுப்பு வியாபாரியுடையது. "29சி போட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். தயங்கினால், ஓனரை நேரில் வரவழைத்தால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிடுங்கள். ஓனரின் ஆதார் நகலை மட்டும் நீட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பானட்டைத் திறக்கச் சொல்லி, 17 இலக்க சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். ஒரு இலக்கம் மட்டும் ஆழமாகவோ சாய்வாகவோ பதிந்திருந்தாலும், சுற்றி அரம் போட்ட கீறலோ புது பெயின்ட்டோ தெரிந்தாலும், அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்திலும் தேடிப் பார்க்கலாம்.

பணத்தில் ஒரு கணிசமான பகுதியை உங்கள் பெயரில் ஆர்.சி. வரும் வரை நிறுத்தி வையுங்கள். நேர்மையாக வியாபாரம் செய்பவர் இதற்கு ஒத்துக்கொள்வார்.

இரண்டு வருடத்துக்கு முன் என் காரை விற்றேன். டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கினேன், முழுப் பணமும் வந்துவிட்டது. ஆனால் செலான் எல்லாம் இன்னும் என் போனுக்கே வருகிறது. – மதுரை

செலானைவிட விபத்துதான் எனக்குப் பெரிய கவலை. மோட்டார் வாகனச் சட்டப்படி யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில், ஓனர் 2007-லேயே வண்டியை விற்றுவிட்டார். அதன் பிறகு பல கை மாறியது. யாரும் பதிவை மாற்றவில்லை. 2009-ல் விபத்து நடந்தது. இழப்பீட்டுப் பொறுப்பு, பதிவில் பெயர் இருந்த அந்த முதல் ஓனர் மேல்தான் விழுந்தது. விற்றதற்கு ஆதாரம் இருந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை.

ஆகவே இன்றே பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். 1000 முதல் 1500 சிசி காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022-ல் நிர்ணயித்தபடி 3,416 ரூபாய், வரி தனி. அதைக் கட்டாமல் ஓடும் வண்டி ஒருவர் மேல் ஏறினால், லட்சக்கணக்கில் உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால், வாங்கியவரிடம் நேரில் போய்ப் பேசிப் புதுப்பிக்க வைப்பதுதான் முதல் வேலை.

அடுத்து, ஃபார்ம் 29 இரண்டு பிரதி, டெலிவரி நோட் நகல், வாங்கியவரின் அடையாளச் சான்று எல்லாம் சேர்த்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் முத்திரை வாங்குங்கள். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்; தாமதத்துக்கு அபராதம் இருக்கலாம், கட்டிவிடுங்கள். இத்தோடு நின்றுவிடாதீர்கள். வாங்கியவர் ஒத்துழைக்காவிட்டால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். பெயர் மாறும் வரை இதை விடக்கூடாது.

ஒரிஜினல் ஆர்.சி. தொலைந்துவிட்டது, டூப்ளிகேட் எடுத்துத் தருகிறேன் என்கிறார் விற்பவர். நம்பலாமா? – சேலம்

உண்மையாகவே தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் ஆர்.சி. புக்கை அடகு வைத்துக் கைக்கடன் வாங்கும் பழக்கம் உண்டு. வங்கிக் கடன் மாதிரி இது ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு) என்று பதிவில் ஏறாது, ஆன்லைனில் தேடினாலும் தெரியாது. நீங்கள் வாங்கி நாலு மாதம் கழித்து, ஃபைனான்ஸ்காரர் ஆளோடு வந்து உங்கள் வாசலில் வண்டியை சீஸ் பண்ணப் பார்ப்பார்.

டூப்ளிகேட் எடுக்கும் வேலையை விற்பவரே தன் செலவில் முடிக்கட்டும். போலீஸில் தொலைந்ததாகப் பதிந்த ரசீதையும் ஃபார்ம் 26 விண்ணப்பத்தையும் பாருங்கள். டூப்ளிகேட் கையில் வந்த பிறகு விலை பேசுங்கள். அதுவரை அட்வான்ஸ் வேண்டாம். அவர் குடியிருக்கும் தெருவில் ஒருமுறை விசாரித்துவிட்டும் வாருங்கள்.

லோன் முடிந்துவிட்டது, பேங்க் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) இருக்கிறது. ஆனால் ஆர்.சி.யில் இன்னும் பேங்க் பெயர் இருக்கிறதே? – திருச்சி

ஹெச்.பி. கேன்சல் செய்யவில்லை, அவ்வளவுதான். வங்கி கையெழுத்திட்ட ஃபார்ம் 35 இரண்டு பிரதி, என்.ஓ.சி., ஆர்.சி. ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் நீங்கிவிடும். பல என்.ஓ.சி.களில் காலாவதித் தேதி இருக்கும், அதைப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் விற்பவர் வங்கியில் புதிதாக வாங்கி வர வேண்டும். அந்தக் கடன் கணக்கில் உண்மையிலேயே பாக்கி இல்லையா என்று விற்பவரோடு கிளைக்குப் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

ஓசூரில் இருக்கிறேன். பெங்களூரில் கே.ஏ. நம்பர் கார் ஒரு லட்சம் மலிவாகக் கிடைக்கிறது. லாபமா?

அந்த ஒரு லட்சத்தில் வரி எவ்வளவு போகும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய காருக்கே விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம் ஆயுட்கால வரி. வெளிமாநில வண்டிக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும். இருந்தாலும் ஐந்தாறு வருட வண்டிக்குத் தொகை சிறியதல்ல. கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்கு அலைச்சலும் காத்திருப்பும் உண்டு. அதை லாபக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பேப்பர் வரிசை இதுதான்: முதலில் பெங்களூர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி., அதாவது ஃபார்ம் 28. அங்கே செலான் பாக்கி இருந்தால் அதைத் தீர்க்காமல் கிடைப்பது கடினம். பிறகு ஓசூரில் பெயர் மாற்றம், வரி, புது நம்பர். என்.ஓ.சி. எடுப்பது விற்பவர் வேலை என்று பேச்சிலேயே முடிவு செய்துவிடுங்கள். டெல்லியிலிருந்து வரும் மலிவு டீசல் வண்டிகளுக்கும் இதே வரிசைதான். 2018-ல் உச்ச நீதிமன்றம் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே தடையை உறுதி செய்ததால்தான் அவை இவ்வளவு தூரம் வந்தன. என்.ஓ.சி. இல்லாமல் வரும் டெல்லி வண்டியைத் தொடவே வேண்டாம்.

அப்பா காலமாகிவிட்டார். கார் அவர் பெயரில் இருக்கிறது. சித்தப்பா வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். நேராக அவர் பெயருக்கு மாற்றலாமா? – நாகர்கோவில்

நேராக முடியாது. முதலில் வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு ஃபார்ம் 31 மூலம் மாற்ற வேண்டும், அதன் பிறகு அவர் சித்தப்பாவுக்கு விற்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும். இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால், வாரிசு மூன்று மாதம் வரை வண்டியை ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் இதெல்லாம் நினைவில் நிற்காது என்று தெரியும். சித்தப்பாதானே என்று அப்பாவின் கையெழுத்தை யாராவது போட்டு முடித்துவிடும் வழி மட்டும் வேண்டாம். அது குற்றம், பின்னால் பங்காளிச் சண்டை வந்தால் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

கார் வாங்கியதும் இன்சூரன்ஸும் தானாக என் பெயருக்கு வந்துவிடுமா? – கடலூர்

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உங்களுக்கு மாறியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அப்படி இல்லை. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், ஆகவே அந்தத் தள்ளுபடி அளவுக்கு நீங்கள் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் விற்றவர் கணக்கில்தான் இருக்கும். அவரை அதை மூடச் சொல்லிவிட்டு, உங்கள் பெயரில் புதிதாக வாங்குங்கள்.