லாரி ஃபிளின்ட் படத்தின் சிறப்புப் பதிப்பு டிவிடி: படம் பார்த்தவர்களும் வாங்க வேண்டுமா?

"'தி பீப்பிள் வெர்சஸ் லாரி ஃபிளின்ட்' படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். 2003-இல் வந்த சிறப்புப் பதிப்பு டிவிடி பழைய கடையொன்றில் கண்ணில் பட்டது. வாங்கலாமா, காசுக்குப் பிடித்த கேடா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயங்காமல் வாங்குங்கள். இந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனால் லாரி ஃபிளின்டைப் பற்றி நம் மனதில் பாதிச் சித்திரம்தான் தங்கும். அதுவும் கொஞ்சம் வெள்ளையடித்த பாதி.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 'ஹஸ்லர்' என்ற ஆபாசப் பத்திரிகையை 1974-இல் தொடங்கியவர் ஃபிளின்ட். அவருடைய வழக்குகள், மனைவி ஆல்தியாவுடன் வாழ்ந்த வாழ்க்கை, 1978-இல் ஜார்ஜியாவில் நீதிமன்றத்துக்கு அருகே சுடப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது, கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது, இவைதான் கதை. இயக்கம் மிலோஷ் ஃபோர்மன். வூடி ஹாரல்சன் ஃபிளின்டாகவும், கோர்ட்னி லவ் ஆல்தியாவாகவும், எட்வர்ட் நார்ட்டன் வக்கீல் ஆலன் ஐசக்மேனாகவும் நடித்தார்கள். 1996 கடைசியில் வெளிவந்தது. பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது, ஹாரல்சனுக்கும் ஃபோர்மனுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அமெரிக்கத் திரையரங்குகளில் மட்டும் சோபிக்கவில்லை. சுமார் 2 கோடி டாலரோடு ஓட்டம் முடிந்துவிட்டது. அதனால் என்னைப் போலப் பலரும் இதைப் பார்த்ததே வீடியோவிலும் டிவிடியிலும்தான்.

சரி, வட்டில் என்ன இருக்கிறது? இரண்டு உரைத்தடங்கள் இருக்கின்றன, அதாவது படம் ஓடும்போதே அதை எடுத்தவர்கள் காட்சிகளைப் பற்றிப் பேசும் ஒலித்தடங்கள். ஒன்றில் திரைக்கதை எழுதிய ஸ்காட் அலெக்சாண்டர், லாரி கராஷெவ்ஸ்கி இருவரும் பேசுகிறார்கள். மற்றொன்றில் ஹாரல்சன், லவ், நார்ட்டன். நீக்கப்பட்ட காட்சிகளும் உண்டு. கூடவே இரண்டு குறும் ஆவணப்படங்கள்: ஒன்று 'ஃப்ரீ ஸ்பீச் ஆர் போர்ன்', மற்றொன்று 'லாரி ஃபிளின்ட் எக்ஸ்போஸ்ட்'. நேரம் குறைவு என்றால் எழுத்தாளர்களின் தடத்தைக் கேளுங்கள். வாழ்க்கை வரலாற்றுப் படம் எடுக்கும் ஆசை உள்ளவர்களுக்கு அது அவசியம் என்பேன்.

வட்டை வாங்கியதும் முதலில் உச்ச நீதிமன்றக் காட்சிக்கு மறுபடி போங்கள். வழக்கின் பின்னணி இது. 1983 நவம்பர் ஹஸ்லர் இதழில், ஒரு மதுபான விளம்பரத்தைக் கிண்டல் செய்து பக்கம் ஒன்று போட்டார்கள். ஜெர்ரி ஃபால்வெல் என்ற பிரபல மதப் போதகர் தன் தாயோடு கழிப்பறைக் கொட்டகையில் உறவு கொண்டதாக அவரே பேட்டி கொடுப்பது போல் அதில் எழுதியிருந்தார்கள். அடியில் பொடி எழுத்தில், 'இது கிண்டல், யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்ற குறிப்பும் இருந்தது. ஃபால்வெல் வழக்குப் போட்டார். இதை யாரும் உண்மை என்று நம்ப மாட்டார்கள் என்பதால் ஜூரி அவதூறை ஏற்கவில்லை. ஆனால் மன உளைச்சலுக்காக 2 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அதை எதிர்த்துத்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

படத்தில் நார்ட்டன் நீதிபதிகள் முன்னால் நின்று வாதாடுகிறார். அரசியல்வாதிகளைக் கேலிச்சித்திரத்தால் குத்துவது அமெரிக்காவில் பழைய பழக்கம், ஜார்ஜ் வாஷிங்டனையே கழுதையோடு சேர்த்து வரைந்திருக்கிறார்கள் என்கிறார். நீதிபதி ஸ்காலியா விடுவதில்லை. அதை வாஷிங்டன் தாங்கிக்கொள்வார், தாயோடு கழிப்பறையில் என்பது வேறு சங்கதி ஆயிற்றே என்று மடக்குகிறார். சினிமாவுக்காகச் சேர்த்த வசனம் என்று நினைத்துவிடாதீர்கள். 1987 டிசம்பரில் நிஜமாகவே உச்ச நீதிமன்றத்தில் நடந்த உரையாடல்தான் இது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மயிர்க்கூச்செறிகிறது. 1988 பிப்ரவரியில் 8 நீதிபதிகளும் ஒருமனதாக ஃபிளின்ட் பக்கம் தீர்ப்புக் கொடுத்தார்கள். எழுதியவர் தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட், பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். வாஷிங்டன் கேலிச்சித்திரம் தீர்ப்பிலும் இடம்பிடித்தது. இன்று அமெரிக்காவில் ஒரு கார்ட்டூனிஸ்ட் அதிபரைக் கோரமாக வரைந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால் இந்தத் தீர்ப்புக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இன்னொரு காட்சியையும் நிறுத்திப் பாருங்கள். சின்சினாட்டி நகரில் நடந்த ஆபாச வழக்கில் ஹாரல்சனுக்கு 25 வருடம் தண்டனை வாசிக்கும் அந்தக் கனத்த உடம்பு நீதிபதி வேறு யாருமில்லை, நிஜ லாரி ஃபிளின்டேதான். தனக்குத் தண்டனை விதித்தவரின் வேடத்தைத் தானே போட்டிருக்கிறார்.

இப்போது வெள்ளையடித்த விஷயத்துக்கு வருகிறேன். 1997 ஜனவரியில் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் நியூயார்க் டைம்ஸில் இந்தப் படத்தைக் கடுமையாகச் சாடி எழுதினார். ஹஸ்லரின் பக்கங்களில் பெண்கள் மீது இருந்த வன்மத்தை மறைத்துவிட்டு, அதை ஏதோ குறும்புத்தனமான பத்திரிகை போலப் படம் காட்டுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. எனக்குப் படம் உயிர். இருந்தாலும் இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. படத்தின் ஃபிளின்ட் வாயாடி, வசீகரமானவர், காதல் மனைவிக்காக உருகுகிறவர். ஆல்தியாவுக்கு முன் அவருக்கு நடந்த கல்யாணங்களும் பிள்ளைகளும் படத்தில் இல்லவே இல்லை. அவருடைய மகள் ஒருவரே படத்தை எதிர்த்துப் பொதுவெளியில் பேசினார். வக்கீல் விஷயமும் அப்படித்தான். நிஜத்தில் பல வக்கீல்கள் பார்த்த வேலையை ஐசக்மேன் ஒருவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஜார்ஜியாவில் ஃபிளின்டோடு சேர்ந்து குண்டடி பட்டவர் உள்ளூர் வக்கீல், ஐசக்மேன் அல்ல. வக்கீல்களை ஒன்றாக்கியதைக் கதை வசதி என்று விட்டுவிடலாம். பத்திரிகையைச் சுத்தப்படுத்தியதை அப்படி விட முடியாது. ஒருவர் அருவருப்பானதை அச்சிட்டாலும் அவர் உரிமையைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் படத்தின் வாதம். அந்த அருவருப்பை முழுசாகக் காட்டியிருந்தால் வாதம் இன்னும் உறுதியாக நின்றிருக்கும்.

அதனால்தான் கூடுதல் பகுதிகளைப் பார்க்கச் சொல்கிறேன். ஹாரல்சனின் சிரிப்பிலிருந்து கொஞ்சம் விலகி, நிஜ ஆளைப் பற்றி யோசிக்க அந்த ஆவணப்படங்கள் இடம் கொடுக்கின்றன. ஸ்டைனத்தின் கேள்விக்கு அவை முழுப் பதில் ஆகிவிடாது, அந்தக் கட்டுரையையும் தேடிப் படியுங்கள்.

ஃபோர்மன் ஏன் இப்படிப்பட்ட ஆளைத் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். அவர் செக் நாட்டுக்காரர். பெற்றோர் இருவரையும் நாஜி முகாம்களுக்குப் பறிகொடுத்தவர். பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் அவருடைய படமே தடைபட்டது. நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் தணிக்கையை ஆபாசக்காரர்களிடமிருந்துதான் தொடங்கினார்கள், அங்கேயே நிறுத்திக்கொள்ளவில்லை என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் அதன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

வட்டில் கிடைக்காத ஒன்றும் உண்டு, ஏனென்றால் அது பின்னால் நடந்தது. ஃபிளின்டைச் சுட்டதாக ஒப்புக்கொண்டவர் ஜோசஃப் பால் ஃபிராங்க்ளின் என்ற இனவெறியர். கறுப்பின ஆணும் வெள்ளைப் பெண்ணும் சேர்ந்திருந்த படங்களை ஹஸ்லர் போட்டதுதான் அவருக்கு ஆத்திரம். வேறொரு கொலைக்காக மிசௌரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்ற இருந்தபோது, அது கூடாது என்று ஃபிளின்ட் வெளிப்படையாக எதிர்த்தார். 2013 நவம்பரில் தண்டனை நிறைவேறிவிட்டது. இந்த மனிதரை ஒரே வார்த்தையில் அடக்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். ஃபிளின்ட் 2021-இல் காலமானார்.

அப்புறம், வாங்கும் முன் ரீஜன் குறியை, அதாவது வட்டு எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அமெரிக்க வட்டு ரீஜன் 1, இந்தியாவில் விற்ற பிளேயர்கள் ரீஜன் 5. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் இருந்தால் பிரச்சினை இல்லை. நிர்வாணக் காட்சிகளும் போதை ஊசிக் காட்சிகளும் நிறைய உண்டு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கியபிறகு போடுங்கள்.