கொடைக்கானலுக்கு மேலே ஒரு சின்ன கிராமத்தில் குழந்தையோடு குடியேறினால் குளிர், நடைப்பயணம், பொழுதுபோக்கு எல்லாம் எப்படி இருக்கும்?

வீட்டிலிருந்தே வேலை, பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு குழந்தை, கோவை வெயில் தாங்கவில்லை, பூம்பாறை மன்னவனூர் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் "அங்கே பொழுது போகுமா?" என்றும் ஒரு வரி. அந்த வரியால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் வத்தலக்குண்டில் பிறந்து பூம்பாறைக்கு வாக்கப்பட்டு வந்தவள். வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். பூண்டுக்குக் களை எடுத்துவிட்டு நிமிர்கிறவளிடம் பொழுது போகுதா என்று கேட்டால் என்ன சொல்வது?

சரி, முதலில் குளிர். நீங்கள் மே மாதம் வந்து பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. வத்தலக்குண்டுக்கும் எங்கள் ஊருக்கும் 1,500 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் உண்டு. கீழே 38 டிகிரி அடிக்கும்போது இங்கே 28 இருக்கும். அதில்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஆனால் மார்கழி, தை மாதத்துக் குளிர் இந்தக் கணக்குக்கு அடங்காது. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை சூட்டை இழக்க, குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். உறைபனி அங்கேதான் விழும். ஒரே ஊரில் ஓடை ஓரம் வெள்ளையாகக் கிடக்கும்போது நூறடி மேலே இருக்கிற வீட்டு வாசலில் வெறும் ஈரம்தான் இருக்கும்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, என் மாமனார் காட்டியது. எங்களுக்கு வீடு கட்ட இரண்டு இடம் இருந்தது. ஒன்று ஓடையை ஒட்டிய சமதளம், ரோட்டிலிருந்து நேராக லாரி போகும். இன்னொன்று ஊருக்கு மேலே சரிவில். மணல், சிமென்ட் மூட்டை எல்லாம் குதிரையில்தான் ஏற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் ஓடை நிலம்தான் என்று பிடிவாதமாக இருந்தார். மாமா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. தை மாதம் ஒருநாள் விடியுமுன்னே எங்கள் இரண்டு பேரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். ஓடைப் பக்கம் புல் முழுக்க வெள்ளை, மிதித்தால் நொறுநொறு என்றது. பக்கத்துத் தோட்டத்து உருளைச் செடி கருகி நின்றது. அங்கிருந்து ஏறி மேல்நிலத்துக்குப் போனோம். "இங்க நில்லும்மா, வெயில் எப்ப வருதுன்னு பாரு" என்றார். ஏழரைக்கெல்லாம் எங்கள் காலடியில் வெயில் விழுந்துவிட்டது. ஓடை நிலம் ஒன்பது மணி தாண்டியும் மலை நிழலிலேயே இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

பூம்பாறையைத் தூரத்தில் இருந்து படம் எடுக்கிறவர்கள் கவனித்திருப்பார்கள், வீடெல்லாம் சரிவில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், சுற்றிலும் படிப்படியாகத் தோட்டம். அந்தக் காலத்து ஆட்கள் காரணத்தோடுதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். இப்போது வெளியூர் ஆட்களுக்கென்று கட்டுகிற வீடுகள் ஓடைக்கரையிலும் காற்று அறைகிற மேட்டு முனையிலும் வருகின்றன. இரண்டும் காட்சிக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒரு பள்ளத்து வீட்டுக்கு எங்கள் தெருவைத் தாண்டி ஒரு குடும்பம் வந்தது. ஐப்பசி மழையில் சுவரெல்லாம் பூஞ்சை, துவைத்த துணி காயவில்லை, பிள்ளைக்கு வீசிங். தை பிறக்கும் முன்பே காலி செய்துவிட்டார்கள். போகும்போது "ஊரே சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அது ரொம்ப வலித்தது. அவர்கள் இருந்த வீட்டைத்தான் குறை சொல்ல வேண்டும்.

கொடைக்கானல் டவுனில் இருப்பவர்கள் "எங்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லையே" என்று இந்தப் பதிலுக்குக் கீழே எழுதக்கூடும். நான் பூம்பாறை, மன்னவனூர் இருக்கிற மேல்மலையைப் பற்றித்தான் சொல்கிறேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு இருக்கிற கீழ்மலையில் குளிர் குறைவு. அங்கே யானை நடமாட்டம் என்று வேறு கவலை.

எங்களுக்கு ரோடுதான் உயிர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, திண்டுக்கல் மாவட்டத்துக்குள் புகுந்து இந்த மலை வழியாகத்தான் போனது. ஓயாமல் மரம் முறிகிற சத்தம். காற்று அடங்கிப் பார்த்தால் கொடைக்கானல் போகிற ரோட்டில் அடுக்கடுக்காக மரம். கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. ஊர்ப் பையன்கள் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டே போனார்கள். பெண்கள் நாங்கள் பொதுவில் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். என் மாமியாருக்குச் சுகர் மாத்திரை தீர்ந்துபோய், நாலாவது வீட்டு அக்கா தன் பட்டையில் பாதியைக் கத்தரித்துக் கொடுத்தார். வீட்டிலிருந்தே வேலை என்கிறீர்களே, நெட் போனால் உங்கள் கம்பெனி எத்தனை நாள் பொறுக்கும் என்று இப்போதே கேட்டுவையுங்கள். அந்த மாதிரிப் புயல் அடிக்கடி வராதுதான். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் விழுவதும் மண் சரிவதும் வழக்கம்.

நடைப்பயணம். இங்கே நினைத்த இடத்தில் காட்டுக்குள் போக முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடு இறுகியது. 2024 அக்டோபரில் வனத்துறை மாநிலம் முழுக்க 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகிற மாதிரி திறந்தது. பேரிஜம் ஏரிக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். மாசி முதல் சித்திரை வரை காட்டுத்தீ பயம் என்பதால் அந்த மாதங்களில் எதையும் நம்பித் திட்டம் போடாதீர்கள். எங்கள் தினசரி நடை தோட்டத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதைதான். காட்டெருமை நின்றால் நாங்கள் நிற்போம், அது போன பிறகு போவோம்.

பிள்ளைகளுக்குச் சமமான மைதானம் கிடையாது. பந்து உருண்டால் கீழ்த் தோட்டத்தில் போய்த்தான் எடுக்க வேண்டும். அப்படியும் சாயங்காலம் தெருவில் ஒரு பிள்ளை வீட்டுக்குள் இருக்காது. உங்கள் குழந்தைக்கு ஒரு வாரத்தில் கூட்டாளிகள் கிடைத்துவிடுவார்கள். எங்கள் ஊர்க் கோயில் குழந்தை வேலப்பர் தேர் அன்று வந்து பாருங்கள். சரிவு என்பதால் தேருக்கு முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம். முன்னால் இழுப்பவர்களோடு பின்னால் இழுத்துப் பிடிப்பவர்களும் சேர்ந்தால்தான் தேர் பத்திரமாக நகரும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுவார்கள். பொழுது போகுமா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

வெளியூர்க்காரர்களை வரவேண்டாம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நானே கீழே இருந்து வந்தவள்தான். ஆனால் பூண்டுத் தோட்டத்து வரப்பில் இறங்கிப் படம் எடுத்துச் செடியை மிதித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

பூண்டு என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாங்கள் விளைவித்து, கட்டுக்கட்டாக முடிந்து, புகை காட்டிப் பக்குவப்படுத்தி வடுகபட்டி சந்தைக்கு அனுப்புகிறோம். டவுனில் ரோட்டோரம் சில கடைகளில் எங்கிருந்தோ வந்த பூண்டைக் கொட்டி "மலைப்பூண்டு" என்று போர்டு வைத்து விற்கிறார்கள். வாங்கிப் போனவர் வீட்டில் காரமும் மணமும் இல்லாமல் போனால் பெயர் கெடுவது எங்களுக்கு. வாங்குகிறவர்கள் விளைகிற கிராமத்துக்கே வந்து கேட்டு வாங்குங்கள்.

வீடு பார்க்க மார்கழி கடைசியில் வாருங்கள், ஒரு ராத்திரி தங்குங்கள். காலையில் அந்த வீட்டு வாசலுக்கு வெயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று நீங்களே நின்று பாருங்கள். எட்டரைக்கு மேல் என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், வேறு வீடு பார்க்கலாம்.